புண்ணின் மேல் நிற்கும் உடம்பு

கால் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை என்றால் அருப்புக்கோட்டைப் பக்கம் முதலில் எழும் கேள்வி, "என்ன மருந்து போட்டா ஆறும்?" என்பதுதான். மருந்துக் கடைக்காரர் ஒரு களிம்பைக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டார் ஒரு பச்சிலையைச் சொல்கிறார். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் மதுரைக்குப் போய், வெள்ளி கலந்தது, கொலாஜன் கலந்தது என்று விலை கூடிய பட்டைகளை வாங்கி வருகிறார்கள். மூன்று பதில்களும் புண்ணின் மேல் எதை வைப்பது என்பதைப் பற்றியவை. ஆனால் நீண்ட நாள் புண்களைப் பற்றி மருத்துவம் கடந்த எண்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஆறாத புண்ணை ஆறவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று அடியில் இருக்கிறது. அதை விலக்காதவரை மேலே வைக்கிற எதுவும் அதிகம் உதவாது. விலக்கிவிட்டால், மேலே இருப்பது சாதாரணக் காஸ் துணியாக இருந்தாலும் புண் பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. இதே விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. கட்டுத் துணிக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் ஆறாத புண்ணுக்குப் பஞ்சமில்லாமல் இருப்பது ஏன் என்று யோசித்தால், குறை கட்டுத் துணியில் இல்லை என்பது விளங்கும்.

புதுக் காயம் ஆறுவதற்கு உடம்பு ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறது. முதலில் ரத்தம் உறைகிறது. பிறகு வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் அகற்றுகின்றன. அந்த நாட்களில் காயம் சிவந்து வீங்கி நீர் விடும். அடுத்துச் சிவப்பாக, மணி மணியாகப் புதுச் சதை வளரும். கடைசியில் ஓரங்களிலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும். நீண்ட நாள் புண் என்பது இரண்டாவது கட்டத்திலேயே சிக்கிக்கொண்ட காயம். வெள்ளை அணுக்கள் விடும் நொதிகள் செத்த சதையோடு நிற்பதில்லை, புதிதாக முளைக்கும் சதையையும் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. அப்படிச் சிக்க வைக்கும் காரணங்கள் அதிகமில்லை. ரத்தக் குழாய் அடைத்துக் காலுக்கு ரத்தம் போதாமல் போவது, கெட்ட ரத்தம் மேலே திரும்பாமல் காலில் தேங்குவது, கிருமி எலும்பு வரை இறங்கிவிடுவது, அந்த இடத்தில் ஓயாமல் அழுத்தம் விழுவது. இவற்றோடு புற்றுநோய் என்ற ஐந்தாவதும் உண்டு. ஒரே காலில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் சாதாரணம். இவற்றில் ரத்த ஓட்டத்தையும் கிருமியையும் பற்றி டாக்டர்கள் பேசுகிறார்கள், நோயாளிகளும் கேட்கிறார்கள். அழுத்தத்தைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. உள்ளங்காலில் வரும் சர்க்கரைப் புண்ணுக்கோ அதுதான் முதல் காரணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14 சதவீதத்துக்கும் மேல். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் ஓடினால் முதலில் கெடுவது மிக நீளமான நரம்புகள், அதாவது பாதத்துக்குப் போகிறவை. அதனால் மூன்று வகைச் சேதம் ஏற்படுகிறது. உணர்ச்சி போவது எல்லோரும் அறிந்தது. இரண்டாவது, வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் ஓய்ந்துவிடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. வெயிலிலும் புழுதியிலும் ஏற்கெனவே வெடிக்கிற குதிகாலுக்கு இது கூடுதல் கேடு. மூன்றாவது, பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. பாதம் முழுவதும் பரவ வேண்டிய உடல் எடை, விரல்களுக்குப் பின்னாலிருக்கும் எலும்பு முனைகளில் குவிகிறது. அங்கே தோல் காய்ப்புக் காய்க்கிறது. அந்தக் காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல, ஒவ்வொரு அடிக்கும் சதையை உள்நோக்கி அழுத்துகிறது. உணர்ச்சியுள்ளவர் நொண்டி நடந்து காலைக் காப்பாற்றிக்கொள்வார். உணர்ச்சியில்லாதவர் அதே இடத்தில் நாள் முழுவதும் ஊன்றி நடக்கிறார். காய்ப்புக்கு அடியில் ரத்தம் கசிந்து, ஒரு நாள் வெளியே உடைத்துக்கொள்ளும்போதுதான் "திடீரென்று புண் வந்துவிட்டது" என்கிறார்கள்.

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்களில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. தரிசும் கண்மாய்க் கரையும் சீமைக்கருவேலம் மண்டிய நிலம் இது. மழை பொய்த்த வருடங்களில் அந்தக் கருவேலத்தை வெட்டுவதும் மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்குள் இறங்கும். முனை ஒடிந்து உள்ளேயே தங்கும். வலி தெரிகிற காலில் அன்று மாலையே ஊக்கால் நெம்பி எடுத்துவிடுவார்கள். மரத்துப்போன காலில் முள் ஒரு வாரம் கிடந்து, சீழ் வைத்து, நாற்றம் வந்த பிறகுதான் வீட்டிலுள்ளவர்கள் கவனிக்கிறார்கள். முள் புண்ணைத் தொடங்கி வைக்கிறது. அதைத் தொடர்ந்து ஆறவிடாமல் செய்வது மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தக் காலால் நடக்கும் நடை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விட்டதால்தான், முள்ளை எடுத்துவிட்டோம், மாத்திரை போட்டுவிட்டோம், இன்னும் ஏன் ஆறவில்லை என்ற குழப்பம் வருகிறது.

நடை புண்ணை ஆறவிடாது என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய ஊர்களில் ஒன்று வேலூர். நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அப்போது தொழுநோயாளிகளின் பாதப் புண்களைப் பற்றி நிலவிய எண்ணம், நோய் சதையையே கெடுத்துவிடுகிறது, கெட்ட சதை ஆறாது என்பது. நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே வந்த பிராண்டுக்கு வேறொன்று தெரிந்தது. அவர்கள் சதை மற்றவர்கள் சதையைப் போலவே ஆறியது. ஆறவிடாமல் கெடுத்தது வலி இல்லாததால் ஓயாமல் விழுந்த அடிகள். மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்தை மூடிவிட்டால், ஆறவே ஆறாது என்று கைவிடப்பட்ட புண்களும் சில வாரங்களில் மூடின. இந்த மாவுக்கட்டு முறை அவர் புதிதாகக் கண்டதல்ல. 1930-களிலேயே இலங்கையில் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோய்ப் புண்களுக்கு இதைச் செய்து பார்த்திருந்தார்கள். பிராண்டும் அவர் கூட்டாளிகளும் அதற்கு ஒரு விளக்கத்தைக் கொடுத்தார்கள், செய்முறையைச் சீராக்கினார்கள். அவர் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் இந்த முறை சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பரவியது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சர்க்கரைப் பாதத்துக்கு முதல் சிகிச்சை என்று எழுதிவைத்திருப்பது, தமிழ்நாட்டுத் தொழுநோயாளிகளின் கால்களில் தெளிந்து வந்த வைத்தியம். அது தெளிந்த மாநிலத்தில் ஒரு சராசரி அரசு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையில் அதைக் காண்பது அரிது என்பது கொஞ்சம் கசப்பான விஷயம்தான்.

இந்த மாவுக்கட்டு எலும்பு முறிவுக்குப் போடுவதிலிருந்து வேறுபட்டது. பஞ்சு குறைவாக வைத்து, பாதத்தின் வளைவு நெளிவோடு ஒட்டிப் படியும்படி முழங்காலுக்குக் கீழ்வரை போடுவார்கள். புண் இருக்கும் ஓர் எலும்பு முனையில் இறங்கும் எடை அப்போது உள்ளங்கால் முழுவதற்கும் கணுக்காலைச் சுற்றிய சுவருக்கும் பிரிந்து போகிறது. நடையும் தானாகவே சுருங்குகிறது. 2001-ல் அமெரிக்காவில் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 63 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள். 12 வாரத்தில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டக்கூடிய விலை உயர்ந்த பூட்ஸ் கொடுத்தவர்களில் 65 சதவீதம், பாதி நீளச் செருப்புக் கொடுத்தவர்களில் 58 சதவீதம். சோதனைக் கூடத்தில் அளந்தால் அந்த பூட்ஸும் மாவுக்கட்டும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைக்கின்றன. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? அதே குழு 2003-ல் அதைத் துப்புத் துலக்கியது. நோயாளியின் இடுப்பில் ஒன்று, பூட்ஸுக்குள் ஒன்று என்று அடிகளை எண்ணும் கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் நடந்த அடிகளில் வெறும் 28 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்தவை. வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். 2005-ல் இன்னொரு சோதனையில் அதே கழற்றும் பூட்ஸை ஒரு சுற்று மாவுக்கட்டால் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்தார்கள். ஆறியவர்கள் 52 சதவீதத்திலிருந்து 83 சதவீதமாக உயர்ந்தார்கள். மருந்து ஒன்றுதான், பட்டை ஒன்றுதான், பூட்ஸும் ஒன்றுதான். மாறியது, அதைக் கழற்ற முடியுமா முடியாதா என்பது மட்டுமே. ஒரு புது மருந்து இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் ஊரெங்கும் விளம்பரப் பலகை நின்றிருக்கும்.

அப்படியென்றால் மேலே வைக்கும் கட்டுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது அடக்கமான வேலை. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆங்கிலேயர் பன்றிக் குட்டிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார், சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக இருந்தவற்றில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பொருக்குக்கு அடியில் தோல் நகர வழி தேடி ஆழமாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பில் நேராக நகர்கிறது. "புண்ணு காத்தாடக் கிடக்கட்டும், காஞ்சாத்தான் ஆறும்" என்று நம் வீடுகளில் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு இது. அதற்காகச் சொதசொதவென்று ஊறவும் விடக் கூடாது. ஓரத்துத் தோல் வெளுத்து அழுகிவிடும். நீர் அதிகம் விடும் புண்ணுக்கு உறிஞ்சும் பஞ்சுப் பட்டை, வறண்ட புண்ணுக்கு ஈரம் கொடுக்கும் ஜெல், சதையில் ஒட்டாத வலைத்துணி என்று வகைவகையாக வந்ததெல்லாம் இந்த ஒரே நோக்கத்துக்குத்தான். உலர்ந்த காஸை நேரே புண்ணில் வைத்து மறுநாள் பிய்த்து எடுத்தால், முந்தின இரவு முளைத்த சதையும் கூடவே வந்துவிடும். அதே சத்திரப்பட்டிக் காஸை உப்பு நீரில் நனைத்துப் பிழிந்து வைத்து, காய்வதற்கு முன் மாற்றினாலோ, அடியில் வாஸ்லைன் தடவிய வலைத்துணி ஒன்றைப் போட்டாலோ அந்தக் குறை தீர்கிறது.

விலை உயர்ந்த பட்டைகளைப் பற்றிய சோதனைகள் அவற்றின் விளம்பரங்களைவிடச் சுவாரஸ்யமானவை. நியூசிலாந்தில் 2008-ல் 368 பேரிடம் தேன் பட்டையைச் சாதாரணப் பட்டையோடு ஒப்பிட்டார்கள். காலில் ரத்தம் தேங்கி வரும் புண்கள் ஆறியதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வெள்ளி கலந்த பட்டையைப் பிரிட்டனில் அதேபோல் சோதித்தபோதும் இதே கதை. புழு வைத்தியத்தைக்கூட 2009-ல் முறையாகச் சோதித்தார்கள். கிருமி நீக்கிய சூழலில் வளர்த்த புழுக்கள் செத்த சதையை வேகமாகத் தின்று தீர்த்தன. ஆனால் புண் ஆறும் நாள் குறையவில்லை. புண்ணில் தானாகப் புழு வைத்துவிட்டதே என்று நம் கிராமங்களில் அருவருப்போடு மறைக்கும் விஷயத்தை அங்கே காசு கொடுத்து வாங்கி வைக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை. மாட்டுத் தோலிலிருந்து கிடைக்கும் கொலாஜனைப் புண்ணுக்கும் தீக்காயத்துக்குமான படலமாக்கும் ஆராய்ச்சியில் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நல்ல பெயர் உண்டு. தீக்காயத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேச நிபுணர் குழு 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகளில், புண் ஆற வேண்டும் என்பதற்காக மட்டும் கொலாஜன், தேன், வெள்ளி, மூலிகைப் பட்டைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. விதிவிலக்காக ஒன்றிரண்டு உண்டு. சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் என்ற உப்புக் கலந்த பட்டை 240 பேரிடம் நடந்த சோதனையில் 20 வாரத்தில் ஆறியவர்களை 30 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாக உயர்த்தியது. அந்தச் சோதனையிலும் எல்லோருக்கும் பாதத்தின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் பட்டையை ஒட்டினார்கள்.

கட்டுப் போடும் மேசையில் சேர்க்க வேண்டியதைவிட எடுக்க வேண்டியவை அதிகம். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்கும். கிருமி சாகிறது என்று மனசுக்குத் திருப்தி. அது புதுச் சதையின் அணுக்களையும் கொல்கிறது. அடர்த்தியான பொவிடோன் அயோடினை நல்ல சிவப்புப் புண்ணில் தினமும் ஊற்றுவதும் அப்படியே. வீட்டில் அப்பும் சுண்ணாம்பு, காப்பித்தூள், பீடித்தூள், மாத்திரையைப் பொடித்துத் தூவுவது எல்லாம் புண்ணின் அடியைப் பார்க்க முடியாமல் மூடிவிடுகின்றன. நல்ல தண்ணீரோ உப்பு நீரோ கொண்டு கழுவினால் போதும். மாறாக, அவசியம் செய்ய வேண்டியதை ஒத்திப்போடுகிறோம்: செத்த சதையையும், சுற்றிலும் தடித்துக் கிடக்கும் காய்ப்பையும் தேர்ந்த கையால் கத்தி கொண்டு சீவி எடுப்பது. காய்ப்பைச் சீவினாலே அந்த இடத்து அழுத்தம் கணிசமாகக் குறைகிறது. "புண்ணை வெட்டிப் பெருசாக்கிட்டாங்க" என்று உறவினர்கள் பதறுவது இயல்பு. பெரிதானது தெரிந்த அளவுதான். அடியில் அது ஏற்கெனவே அவ்வளவு இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தலைமுறை தலைமுறையாகப் பச்சிலையிலும் தைலத்திலும் ஆறியிருக்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை. சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்கு வைக்கும் மத்தன் தைலம் ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சியது. துருசு என்பது தாமிர உப்பு, கிருமியை அடக்கும். எண்ணெய் புண்ணை ஒட்டாமலும் காயாமலும் வைக்கும். வின்டர் பாலிதீனால் செய்ததை எண்ணெயால் செய்கிறார்கள் என்று சொல்லலாம். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் உள்ள காலில் வந்த புண்ணுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். அந்தத் தலைமுறையில் கிராமத்துப் பெரியவர்களிடம் இருபது வருடச் சர்க்கரை இவ்வளவு பரவலாக இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அன்றைய வைத்தியர் கண்ட காலும் இன்றைய காலும் ஒன்றல்ல. ஆகவே தைலமா களிம்பா என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. எதை வைத்தாலும் சரி, அதே காலை ஊன்றி நடந்தால் இரண்டும் ஒன்றுதான்.

இன்னும் கனமான மறுப்பு கூலிக்காரரிடமிருந்து வரும். "காலை ஊனாதேன்னா சோத்துக்கு எங்க போறது?" ஓய்வெடு என்று சொல்வது டாக்டருக்குச் சுலபம். படுக்கையில் இரு என்ற உத்தரவு பெரும்பாலும் தோற்றுப்போவதன் காரணமும் இதுதான். மாவுக்கட்டின் சிறப்பு, அது நோயாளியைப் படுக்கவைப்பதில்லை. நடக்கவிட்டுக்கொண்டே புண்ணைக் காக்கிறது. வீட்டுக்குள் நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கலாம். கரிமூட்டத்து வேலையும் மூட்டை தூக்குவதும் முடியாது. அதில் ஏமாற்று வேண்டாம். ஆறு, எட்டு வாரம் கூலி போகும். ஆனால் அதைக் கால் எடுப்பதோடுதான் ஒப்பிட வேண்டும். முழங்காலுக்குக் கீழோ மேலோ காலை இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் ஆம்ஸ்ட்ராங் குழு காட்டியது. பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு அது. சித்திரை வெயிலில் மாவுக்கட்டு தாங்குமா என்பதும் நியாயமான சந்தேகம்தான். வேர்க்கும், அரிக்கும். உணர்ச்சியில்லாத காலில் சரியாகப் படியாத கட்டு புதுப் புண்ணையே உண்டாக்கிவிடும். அதனால்தான் முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் பிரித்துப் பார்க்க வேண்டும், பிறகு வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், பயிற்சி பெற்ற கை போட வேண்டும். சீழ் பிடித்த காலுக்கும் ரத்த ஓட்டம் நின்ற காலுக்கும் போடக் கூடாது. மாவுக்கட்டுப் போட வசதியில்லாத இடத்தில் தடித்த ஃபெல்ட் துணியைப் புண்ணைச் சுற்றி வெட்டி ஒட்டி, புண் தரையில் படாதபடி செய்யலாம்; மாவுக்கட்டுக்கு ஈடாகாது என்றாலும் வெறும் களிம்பைவிடப் பல மடங்கு மேல்.

எல்லாப் புண்ணும் அழுத்தப் புண் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அருப்புக்கோட்டை தறி ஊர். விசைத்தறி முன்னால் எட்டு, பத்து மணி நேரம் நிற்பவர்களுக்குக் காலின் ரத்த நாளம் சுருண்டு, கணுக்காலுக்குச் சற்று மேலே உட்புறத்தில் தோல் கறுத்துப் புண் வந்தால், அங்கே எதிர்மாறான வைத்தியம் தேவை. அழுத்தத்தை விலக்கக் கூடாது; பல அடுக்கு இழுவைக் கட்டால் அழுத்தத்தைக் கொடுத்து, தேங்கிய ரத்தத்தை மேலே ஏற்ற வேண்டும். இங்கிலாந்தில் 2018-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், இழுவைக் கட்டோடு பழுதான அந்த ரத்த நாளத்தையும் உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆறும் இடைநிலைக் காலம் 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைந்தது. ஆனால் அதே இழுவைக் கட்டை, புகை பிடித்து ரத்தக் குழாய் அடைத்த காலில் போட்டால் விரல்கள் கறுத்துப் போகும். பாதத்தின் மேல் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தில்தான் எந்தக் காரணம் என்ற விசாரணை தொடங்குகிறது.

புற்றுநோய்க்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷிக்கு 1949 தொடக்கத்தில் இடது கையில் இருந்த சிறு கட்டியை அறுத்து எடுத்தார்கள். அது மீண்டும் வளர்ந்து புண்ணானது. அந்த ஒரே ஆண்டில் நான்கு முறை அறுவை நடந்தது; ரேடியமும் பச்சிலைக் கட்டும் வைத்துப் பார்த்தார்கள். அது சார்கோமா என்ற புற்று. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். அன்றைய மருத்துவத்தால் அதற்கு மேல் செய்ய முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. இன்று ஒரு புண் மூன்று மாதமாக மூடாமல், ஓரம் தடித்து மேலெழும்பி, தொட்டால் ரத்தம் கசிந்தால், கட்டை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஓரத்திலிருந்து ஒரு துளிச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் வருடங்கள் கழித்து வரும் புண்ணுக்கு இது இன்னும் பொருந்தும்.

பத்தியம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. புண்ணுக்கு ஆகாது என்று முட்டை, மீன், கருவாடு, பருப்பு வரை நிறுத்தி, ரசம் சோறும் துவையலுமாக ஓட்டுவார்கள். புதுச் சதை புரதத்தால் ஆனது. அதை நிறுத்திவிட்டு அது வளரும் என்று எதிர்பார்க்க முடியாது. சர்க்கரைக்காரர் குறைக்க வேண்டியது சோற்றை, முட்டையை அல்ல.

புண் ஆறிய பிறகு வருவதுதான் இந்த வட்டாரத்துக்கு உண்மையான சோதனை. ஆறிய சர்க்கரைப் பாதப் புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒரே ஆண்டில் திரும்பவும் வருகின்றன. காரணம் எளிது: மடங்கிய விரலும் மரத்த பாதமும் அப்படியேதான் இருக்கின்றன, செருப்பும் பழைய செருப்புத்தான். இதற்கும் வழி தொழுநோயிலிருந்தே வந்தது. நுண்துளை ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரை உள்ளே வைத்து, அடியில் முள் துளைக்காத கெட்டியான ரப்பரை ஒட்டி, ஆணி அடிக்காமல் தைத்த செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று சுகாதார ஊழியர்களிடம் கேட்டால் தெரியும். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள். சென்னை ராயபுரத்தில் 1954-ல் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனையின் மருத்துவர்கள், இந்த ரப்பர் போன்ற மெத்தைகள் வைத்த செருப்புகளைச் சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான செருப்புப் போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குப் புதுப் புண் வந்தது, மெத்தைச் செருப்புப் போட்டவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான். குலுக்கல் முறையில் பிரித்த சோதனை அல்ல அது, ஆகவே எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். குறைத்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் பெண் ஊழியர், நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கலாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கலாம். பாதம் பாதுகாப்போம் என்ற பெயரில் அரசு இப்போது தனியாகவே பாதப் பரிசோதனைக்கு வழி செய்திருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பரிசோதனையில் மரத்துப்போனது என்று தெரிந்த காலுக்கு அடுத்து என்ன கிடைக்கும் என்பதில்தான் இந்த ஏற்பாடுகளின் பலன் இருக்கிறது. மாவுக்கட்டுப் போடத் தெரிந்த ஒருவரை அருப்புக்கோட்டையிலும் ஒருவரைத் திருச்சுழியிலும் உட்காரவைப்பதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டு மருந்தோ வேண்டாம். வேலூர் பக்கத்துக் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை 1955 முதல் பாதங்களைக் கையாண்டு வருகிறது, பயிற்சிக்கு அங்கே அனுப்பலாம். செருப்புத் தைக்கும் கைகள் உள்ளூரிலேயே இருக்கின்றன. அவர்களிடம் ரப்பரையும், காலின் அளவு எடுத்த தாளையும் கொடுத்தால், முள்ளுக்காட்டுக்கு ஏற்ற அடியோடு அந்தச் செருப்பை அவர்களே செய்து தருவார்கள்.